மார்சேய்: பழந்துறைமுகமும் பாறைக் கடற்கரையும்

பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த துறைமுக நகரம் மார்சேய். மக்கள்தொகையில் பாரிசுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இன்றைய துருக்கிக் கரையில் இருந்த போக்கையா என்ற கிரேக்க ஊரின் மாலுமிகள் ஏறக்குறைய கி.மு. 600இல் இங்கே குடியேறி, 'மசாலியா' என்று பெயர் வைத்தார்கள். நீஸ், கான் போல உல்லாசத்துக்கென்று வளர்ந்த ஊர் அல்ல. சரக்கும் சோப்பும் மீனும் சோறு போட்ட ஊர். மணலில் படுத்துக் கிடக்க வருபவர்களைவிட, நடக்கவும் படகேறவும் வருபவர்களுக்கே இது வாரி வழங்கும்.

ஊருக்குள் நீண்டு புகுந்த குடாவே பழைய துறைமுகம். கிரேக்கர் காலம் தொட்டு நகரத்தின் நடு இதுதான். காலையில் கிழக்குக் கரையில் மீனவர் குடும்பங்கள் மேசை போட்டு, இரவு பிடித்த மீனைத் துள்ளத் துள்ள விற்கின்றன. தென்கரைக்கும் வடகரைக்கும் இடையே 1880 முதல் சிறு படகொன்று போய்வருகிறது. தூரம் முந்நூறு மீட்டர்கூட இல்லை. குடாவின் வாயிலில் இரு கோட்டைகள். தெற்கே உள்ள செயின்ட் நிக்கொலாஸ் கோட்டையை 14ஆம் லூயி 1660இல் கட்டத் தொடங்கியது கடல்வழி வரும் எதிரிக்காக மட்டுமல்ல, தனக்கு அடங்காத இந்நகரத்தையும் கண்காணிக்கத்தான்.

கடல் செல்வத்தோடு சாவையும் கொண்டுவந்தது. 1720 மே மாதம் கிழக்கு நாடுகளிலிருந்து துணி ஏற்றி வந்த 'கிராண்ட் செயின்ட் ஆந்த்வான்' கப்பலில் ஏற்கெனவே ஆட்கள் இறந்திருந்தனர். ஆனாலும் சந்தைக்குச் சரக்கு தப்பக்கூடாது என்ற அவசரத்தில் தனிமைப்படுத்தும் விதிகள் தளர்த்தப்பட்டன. ஏறக்குறைய 90,000 பேர் வாழ்ந்த நகரில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. வடகரையில் இன்று ஒரே சீரான அடுக்குமாடிகள் நிற்பதற்குக் காரணம் வேறு. 1943 சனவரியில் ஜெர்மானியப் படை, பிரெஞ்சுக் காவல்துறையின் துணையோடு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, பிப்ரவரியில் சுமார் 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தது. தப்பிய மேட்டுப் பகுதிதான் 'லெ பனியே'. அதன் ஒடுங்கிய படிச் சந்துகளில் துணி காயும் கயிறுகளுக்குக் கீழே நடக்கும்போது, அழிந்த பகுதி எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இந்திய வரலாற்றிலும் இத்துறைமுகத்துக்கு இடமுண்டு. கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் 1910 சூலை 8 அன்று 'மோரியா' கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறியது இங்கேதான். பிரெஞ்சுக் காவலர் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்ததால் எழுந்த வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போயிற்று. 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில் காந்தியும் இங்கே வந்திறங்கினார்.

ஏறக்குறைய 150 மீட்டர் உயரக் குன்றின் மேல் நிற்கும் நோத்ர் தாம் தெ லா கார்த் தேவாலயம் 1864இல் அர்ச்சிக்கப்பட்டது. உச்சியில் 11 மீட்டர் உயர மாதா சிலை பொன்முலாமில் மின்னுகிறது. ஊரார் அவளை 'நல்ல தாய்' என்கிறார்கள். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கூரையிலிருந்து சிறு கப்பல் பொம்மைகள் கம்பியில் தொங்குகின்றன. புயலில் பிழைத்தவர்களின் நேர்த்திக்கடன். சுவரில் உள்ளங்கை அகலப் பளிங்குப் பலகைகள், பலவற்றில் 'நன்றி' என்ற ஒரு சொல்லும் ஓர் ஆண்டும் மட்டும். இந்நகரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் இடம் வேறில்லை.

நகரின் தென்கிழக்கில் தொடங்கி கசி என்ற சிற்றூர் வரை நீள்வது கலாங்க் கடற்கரை. வெண்சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே விரல்போல் நீளும் ஒடுங்கிய கடற்குடாவே 'கலாங்க்'. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் கீழே இருந்தபோது உருவான பள்ளத்தாக்குகள், பின்னர் கடல் ஏறியதில் மூழ்கி இவ்வாறாயின. அதற்குச் சான்று கோஸ்கேர் குகை. 1985இல் ஒரு முக்குளிப்பாளர் கண்டுபிடித்த இதன் வாய் நீருக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே, சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் பாறையில் பதித்த கைத்தடங்களும், பிற்காலத்துக் குதிரை, கடற்பறவை ஓவியங்களும் உள்ளன. கடல் இன்னும் ஏறுவதால் அவை அழிந்துவருகின்றன. மூலக் குகைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2022இல் துறைமுகத்தருகே திறந்த மாதிரிக் குகையைப் பார்க்கலாம்.

2012 முதல் கலாங்க் கடற்கரை தேசியப் பூங்கா. சுஜித்தோன் குடாவில் கோடையில் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை குவிந்ததில் மண் அரித்து, பைன் மர வேர்கள் வெளியே தெரிந்தன. 2022 முதல் கோடையில் நாளுக்கு 400 பேருக்கே இலவச முன்பதிவில் அனுமதி. கெடுபிடி என்று சிலர் முணுமுணுத்தாலும் இது தேவையான முடிவு. கசியிலிருந்து படகிலும் குடாக்களைச் சுற்றிவரலாம். அவ்வூருக்குக் கிழக்கே 394 மீட்டர் உயரக் கனாய் முனை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதையும் தாண்டினால் லா சியோத்தா. திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் இரயில் வருவதைப் படமெடுத்த நிலையம் அங்கே இருக்கிறது.

உணவில் பேர்பெற்றது புயாபேஸ். விலைபோகாத முள்மீன்களை மீனவர்கள் கொதிக்கவைத்துக் குடித்த குழம்பு, இன்று குங்குமப்பூ சேர்ந்து விலையேறிவிட்டது. முதலில் பூண்டு மணக்கும் ரொட்டித் துண்டுகளோடு சாறு, பிறகு மீன் என இரண்டு தடவையாகப் பரிமாறுவது மரபு. கையில் காசு குறைவென்றால் கொண்டைக்கடலை மாவில் பொரித்த 'பனீஸ்' போதும். சூடாகத் தின்றால் அதுவே விருந்து.

மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வர ஏற்றவை. ரோன் பள்ளத்தாக்கு வழியே பாயும் மிஸ்ட்ரல் காற்று வானத்தைத் துடைத்துவிடும். ஆனால் படகுகளையும் நிறுத்திவிடும். சூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து நாள்தோறும் பாதைகள் திறக்கும் அல்லது மூடப்படும். அறிவிப்பு முந்தைய மாலையே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குடாப் பாதைகளில் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் ஒரு தீக்குச்சியைக்கூட உரசாதீர்கள்.