மூட்டுத் தேய்வுக்கான மூலிகைத் துணைப்பொருட்கள்

மூட்டுத் தேய்வுக்கான மூலிகைத் துணைப்பொருட்கள் என்பவை முழங்கால் மூட்டுத் தேய்வினால் உண்டாகும் வலியைத் தணிப்பதற்காக மாத்திரையாகவோ பொடியாகவோ உட்கொள்ளப்படும் தாவரச் சாறுகள் ஆகும். இவற்றுள் சல்லகி மரப் பிசினும் மஞ்சளும் மிகுதியாக ஆராயப்பட்டவை. இவை வலியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், தேய்ந்த குருத்தெலும்பை இவை மீண்டும் வளர்க்கும் என்பது நிறுவப்படவில்லை.

நோயின் தன்மை

எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு நாளடைவில் சிதைவது மூட்டுத் தேய்வின் முக்கியக் கூறாகும். முதுமை, உடற்பருமன், பழைய காயம் ஆகியன இதற்குக் காரணமாகலாம். நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டைத் தாக்கும் முடக்கு வாதம் வேறொரு நோயாகும். இபுப்ரோஃபென் போன்ற வலி நீக்கிகளை நெடுங்காலம் உட்கொண்டால் வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியன ஏற்படக்கூடும். மூலிகைகள் நாடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சல்லகி

சல்லகி இந்தியாவின் வறண்ட மலைக்காடுகளில் வளரும் மரம். இதன் பிசின் தமிழில் பறங்கிச் சாம்பிராணி எனப்படுகிறது. இதிலுள்ள போசுவெல்லிக் அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன்களை உருவாக்கும் நொதியைத் தடுக்கின்றன.

2003-இல் நாக்பூர் ஆய்வாளர்கள் 30 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். ஒவ்வொருவருக்கும் 8 வாரம் சல்லகியும் 8 வாரம் மருந்துப்போலியும் மாற்றி மாற்றி அளிக்கப்பட்டன. சல்லகி உட்கொண்ட காலத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன. நடக்கும் தூரம் கூடியது. ஆனால் எக்சு-கதிர்ப் படத்தில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

2014-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, மூட்டுத் தேய்வுக்கான வாய்வழி மூலிகைகள் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்தது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் செறிவூட்டிய சல்லகிச் சாற்றை 90 நாட்கள் உட்கொண்டவர்களின் வலி, 100 புள்ளி அளவுகோலில் மருந்துப்போலியைவிடச் சராசரியாக 17 புள்ளிகள் குறைவாக இருந்தது. இம்முடிவு 85 பேரை மட்டுமே உள்ளடக்கிய இரண்டு ஆய்வுகளைச் சார்ந்தது.

மஞ்சள்

மஞ்சளின் முக்கிய வேதிப்பொருள் குர்க்குமின். 2014-இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் 367 நோயாளிகள் 4 வாரங்கள் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபெனுக்கு ஏறத்தாழ இணையாக வலியைத் தணித்தது. வயிற்று உபாதைகளும் குறைவாகவே இருந்தன.

உணவும் துணைப்பொருளும்

சமையல் மஞ்சள்தூளில் குர்க்குமின் சில விழுக்காடு மட்டுமே உள்ளது. அதுவும் குருதியில் எளிதில் கலப்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் இக்கலப்பைப் பன்மடங்கு கூட்டுவதை 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினர். எனவே, செறிவூட்டிய சாற்றின் ஆய்வு முடிவுகளை அன்றாடக் குழம்புக்கோ மஞ்சள் பாலுக்கோ பொருத்த இயலாது. தமிழகத்தில் மூட்டுவலிக்கு உண்ணப்படும் முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் ஆகியவற்றுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

பக்க விளைவுகள்

சல்லகியால் வயிற்றுப்போக்கு, குமட்டல் ஆகியன ஏற்படலாம். செறிவூட்டிய மஞ்சள் சாறு, வார்ஃபரின் போன்ற குருதி உறைவெதிர்ப்பு மருந்து உட்கொள்வோருக்குக் குருதிக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும். 2019-இல் இத்தாலியில் மஞ்சள் துணைப்பொருள் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகப் பதிவாகியுள்ளது. சில மூலிகைத் தயாரிப்புகளில் இசுட்டீராய்டு மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்படுவதும் உண்டு. இத்தகைய கலப்படம் வலியை விரைவில் தணிப்பதால், மூலிகையே குணமளித்ததாகத் தவறாகக் கருதப்படுகிறது.

சட்ட நிலை

இந்தியாவில் ஒரே மூலிகை இரு வகையாக விற்கப்படலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. துணையுணவாக விற்கப்படுபவை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டவை. துணையுணவு எதுவும் நோயைக் குணப்படுத்தும் என விளம்பரப்படுத்தப்படக் கூடாது.

மருத்துவத்தில் இடம்

முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு உடற்பயிற்சி, தொடைத் தசைகளை வலுப்படுத்துதல், மிகை எடையைக் குறைத்தல் ஆகியனவே முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. மூலிகைத் துணைப்பொருட்கள் இவற்றுக்கு மாற்று அல்ல. இவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் அதனைத் தெரிவிப்பது அவசியமாகும்.