சுட்டப்பட்டவள்: சூனியக்காரி என்னும் சொல்லும் வரலாற்றுப் புனைவும்

கல்யாணிலிருந்து கசாரா நோக்கிச் செல்லும் புறநகர் ரயில்பாதை, தாணே மாவட்டம் ஷாஹாபூர் வட்டத்தின் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கு அருகே செல்கிறது. இந்நிலப்பகுதியை உள்ளடக்கிய கொங்கணத்தின் நாட்டார் வழக்காறுகளை ஆர். இ. என்தோவன் 1915இல் ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு அடிப்படையாக அமைந்தவை, நாசிக் ஆட்சியராக இருந்தபோது 1909இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஏ. எம். டி. ஜாக்சன் திரட்டிய குறிப்புகள். வினாப்பட்டியலுக்கு விடை எழுதி அனுப்பியோர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள். மராத்தியர் ‘சேட்கீண்’ என்றழைக்கும் சூனியக்காரியைப் பற்றி இத்தகைய ஆவணங்களில் கிடைப்பதெல்லாம் ஊரார் கூற்று. அப்பெயரைச் சுமந்தவளின் கூற்றன்று. காலனிய அதிகாரிகளின் அறிக்கைகளும் இதற்கு விலக்கல்ல. உதயப்பூர் சமஸ்தானத்தில் 1853இல் இக்கொலைகளுக்குத் தடை விதிக்கப்பட்டதையும், 1857 கிளர்ச்சியில் கம்பெனியின் பிடி தளர்ந்தபோது சோட்டா நாக்பூரில் அவை மீண்டும் தலைதூக்கியதையும் ஆவணங்கள் அறிவிக்கின்றன. கொல்லப்பட்டவள் அவற்றில் எண்ணாகவே நிற்கிறாள். வரலாற்றுப் புனைவு தனக்குரிய இடத்தைக் கண்டுகொள்வது இந்த மௌனத்தில்தான். ஆனால் அம்மௌனத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில் புனைவாசிரியர்கள் பலர் இடறியிருக்கிறார்கள்.

இடறல் எங்கே நிகழ்கிறது என்பதை இலக்கியத்தைவிடச் சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. பீகாரின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ‘டாயன்’ என்பதை வரையறுக்கும்போது, மாந்திரீகத்தால் பிறருக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் உடையவள் என்று கூறவில்லை. அத்தகைய ஆற்றல் உடையவள் எனப் பிறரால் சுட்டப்பட்ட பெண் என்றே கூறுகிறது. சொல்லின் பொருள் சுட்டப்பட்டவளிடமிருந்து சுட்டுவோரின் செயலுக்கு நகர்ந்துவிடுகிறது. மொழியியல் மாணவர் எவரும் இவ்வரையறையை ஒருமுறை நின்று வாசிக்கலாம். நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாள்களில் மகாராஷ்டிரம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் அட்டவணையும் இவ்வழியிலேயே செல்கிறது. ஒருவர் மந்திரத்தால் மாட்டின் பால் சுரப்பைக் குறைக்கிறார், நோய் பரப்புகிறார் என்ற எண்ணத்தை உண்டாக்குவதே அங்குக் குற்றம். சூனியம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் சட்டம் நுழையவில்லை.

‘டாயன்’ என்ற சொல் வடமொழி ‘டாகினி’யின் திரிபு. அதே டாகினி வேறொரு வழியில் தமிழுக்கும் வந்தாள். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், பிணம் தின்னும் ‘இடாகினி’ப் பேயாக அவள் தோன்றுகிறாள். மாலதி என்னும் பார்ப்பனப் பெண் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பாலூட்ட, பால் விக்கி அது இறந்துவிடுகிறது. கணவனும் மாற்றாளும் உண்மையை நம்பமாட்டார்கள், தன்மேல் பழியே சுமத்துவார்கள் என்று அவள் அஞ்சுகிறாள். குழந்தையின் உடலை ஏந்திக்கொண்டு கோயில் கோயிலாக அலைகிறாள். அப்போது இளம்பெண் வடிவில் வந்த இடாகினி, அவ்வுடலைப் பறித்துச் சென்று சுடுகாட்டில் விழுங்குகிறது. இறுதியில் பாசண்டச் சாத்தன் தானே குழந்தையாகி மாலதியின் துயர் தீர்க்கிறான். பேயின் அச்சத்தையும் தெய்வத்தின் அருளையும் காட்டும் கிளைக்கதையாகவே இதனை வாசிப்பது வழக்கம். ஆயினும் கதையை நகர்த்துவது பேயச்சமன்று, பழியச்சம். பேய் வருமுன்பே மாலதி குற்றவாளியாக நடக்கத் தொடங்கிவிட்டாள். வடக்கிலும் மேற்கிலும் பேயின் பெயர் அண்டை வீட்டுப் பெண்ணின்மேல் ஏறிற்று. இளங்கோவடிகளின் காப்பியத்திலோ பெண் வேறு, பேய் வேறு. அவ்விடைவெளியே மாலதியைக் காப்பாற்றியது எனலாம். பிற்காலத் தமிழ்க் கதைகளில் பேய் பிடித்தவள் நிறைய வருகிறாள். பேயென்று பெயரிடப்பட்டவள் அரிதாகவே வருகிறாள்.

மேலைப் புனைவுகளுக்கு இத்துறையில் பெருங்களம் 1692ஆம் ஆண்டின் சேலம். அங்கு 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் 14 பேர் பெண்கள். ஆர்தர் மில்லர் 1953இல் அரங்கேற்றிய நாடகத்தில், பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமியான அபிகெயில் வில்லியம்ஸை பதினேழு வயதினளாக்கி, அறுபதை எட்டிய ஜான் ப்ராக்டரின் வயதைக் குறைத்து, இருவருக்குமிடையே ஒரு காமத் தொடர்பைப் புனைந்தார். மெக்கார்த்தி கால அமெரிக்காவைத் தாக்குவதற்கு அது உதவியது. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்து செய்த குற்றத்தின் சுமை, புறக்கணிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பொறாமைமேல் இறங்கிவிட்டது. நாடகமாக எவ்வளவு வலிமையானதோ, அவ்வளவு இடர் நிறைந்த தீர்வு இது. மரீஸ் கோந்தே 1986இல் எழுதிய புதினத்தின் நாயகி தித்துபா என்னும் அடிமைப்பெண். சேலம் ஆவணங்கள் ‘இந்தியப் பெண்’ என்று குறித்துவிட்டு, சிறைக் கட்டணத்துக்காக விற்கப்பட்டபின் மறந்துபோனது அவளைத்தான். கோந்தே அவளுக்கு ஒரு முழு வாழ்வையும் நகைச்சுவையையும் அளிக்கிறார். இறந்தோரோடு பேசும் ஆற்றலையும் சேர்த்தே அளிக்கிறார். அடிமைப்பட்டோரின் அறிவுமரபை மீட்கும் நோக்கம் மதிக்கத்தக்கது. எனினும் மந்திரம் மெய்யாகும் கணத்தில், ஊரார் சுட்டியது சரியே என்றாகிவிடுகிறது. தவறியது தண்டனை மட்டுமே.

வங்காளத்தில் இருவர் வேறு வழிகளைக் கண்டனர். தாராசங்கர் பந்தோபாத்யாயரின் ‘டாயினி’ கதையில், இளமை முதலே சுட்டப்பட்ட கிழவி தன் பார்வையில் நஞ்சு இருப்பதாகத் தானே நம்பத் தொடங்குகிறாள். ஊரார் சொல் அவளது தன்னறிவாக மாறிவிடும் கொடுமையை இவ்வளவு நெருங்கிக் கண்ட கதைகள் குறைவு. மகாசுவேதா தேவியின் ‘பாயேன்’ கறாராகப் பார்த்தால் வரலாற்றுப் புனைவன்று. ஆயினும் வரலாற்றாசிரியர்கள் தேடுவது அதற்குள் இருக்கிறது. சண்டிதாசி இறந்த குழந்தைகளைப் புதைக்கும் பரம்பரைத் தொழிலைச் செய்பவள். தானும் ஒரு குழந்தைக்குத் தாயான பின் அத்தொழிலில் அவள் கை கூசுகிறது, விடவும் முடியவில்லை. நரிகள் தோண்டாதபடி புதைகுழியைக் காக்கச் சென்ற இரவில், அவள் மார்பில் பால் கசிவதை ஊரார் காண்கின்றனர். மாலதியின் பாலும் மகாராஷ்டிரச் சட்டத்தின் மாட்டுப்பாலும் இங்கே நினைவுக்கு வரலாம். ஐயம் பிறப்பது பெரும்பாலும் உயிர் வளர்க்கும் பொருளைச் சுற்றித்தான். அவளைப் பாயேன் என்று முதலில் அறிவிப்பவன் அவள் கணவன் மலிந்தர். பாயேனைக் கொன்றால் குழந்தைகள் மாளும் என்பது நம்பிக்கையாதலால், அவள் கொல்லப்படாமல் ரயில்பாதையோரம் தனியே ஒதுக்கப்படுகிறாள். வெளியே வரும்போது தகரத்தைத் தட்டித் தன் வருகையை அறிவிக்க வேண்டும்.

கதையின் இறுதியில், ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தில் தடை குவித்த கொள்ளையரை அவள் காண்கிறாள். ஓடிச்சென்று வண்டியை நிறுத்த முயன்று அதில் அடிபட்டு மாள்கிறாள். ரயில்வே அவளுக்கு விருது வழங்க முன்வருகிறது. அதிகாரிக்கு எழுதிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். கூடியிருந்தோர் வாய் திறக்கத் தயங்கி நிற்கையில், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதற்கும் தடை செய்யப்பட்டிருந்த சிறுவன் பகீரதன் முன்னே வந்து, அவள் தன் தாய் என்று கூறி, அவளது பெயரைச் சொல்லி எழுதவைக்கிறான்.