மூன்று மணி நேரம்

குதிரையை வழிக்குக் கொண்டுவர என்ன வேண்டும்? 'சவுக்கு' என்றுதானே சொல்வீர்கள்! 1858-ல் லண்டன் கனவான்களும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒஹையோவிலிருந்து ஜான் ராரி என்ற அமெரிக்கர் வந்து சேரும்வரை.

அங்கே 'குரூஸர்' என்றொரு பந்தயக் குதிரை. கிட்டே போனால் கடி, உதை! வாய்க்கு இரும்புக் கூடு மாட்டி லாயத்தில் அடைத்துவிட்டார்கள். ராரி உள்ளே போனார். சுமார் மூன்று மணி நேரம்தான்... குதிரைமீது ஏறி உட்கார முடிந்தது!

மந்திரமா, மருந்தா? ஒன்றுமில்லை சார். ஒரு முன்னங்காலை மடக்கி வாரால் கட்டிவிடுவார். மூன்று காலில் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும்? களைத்துப் படுத்துவிடும். விஷயமே இனிமேல்தான். படுத்த குதிரையை அவர் அடிக்கமாட்டார். உடம்பெல்லாம் தடவிக்கொடுப்பார், மெல்லப் பேசுவார். குடை, மேளம் என்று மிரளவைக்கும் சாமான்களை மோந்து பார்க்க விடுவார். 'இந்த ஆள் நினைத்தால் என்னை என்னவும் செய்யலாம், ஆனால் செய்யவில்லையே!' என்று அதற்கு எப்படியோ புரிந்துவிடும்.

கட்டிப்போட்டு வாங்குவது நம்பிக்கையா என்கிறீர்களா? எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. இன்றைய பயிற்சியாளர்கள் பலர் அந்த வாரைத் தொடமாட்டார்கள்.

குரூஸரை ராரி தன்னோடு ஒஹையோவுக்கே கூட்டிப்போனார். 1866-ல், 38 வயதில் அவர் இறந்தார். குதிரை அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தது. பழைய முரட்டுக் குணம் அதற்குத் திரும்பிவிட்டது என்பார்கள்.