வெள்ளிப் பதக்கமும் வெள்ளி உப்பும்

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவிச்சாங்க. சிறந்த தமிழ்ப் படம் 'பார்க்கிங்'. அதில் நடித்த எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. வழக்கம்போல சில நாள் சண்டை நடந்தது. யாருக்குக் கொடுத்தாங்க, யாருக்கு ஏன் கொடுக்கலைன்னு. இந்தச் சண்டை தப்பில்லை, வருஷா வருஷம் நடக்கறதுதான். ஆனா பட்டியலை 1954-லிருந்து வரிசையா படிச்சுக்கிட்டே வந்தா வேற ஒரு கேள்வி வருது. விருது வாங்கின படங்கள் இப்போ எந்த நிலையில் இருக்கு?

முதல் தங்கப் பதக்கம்

1953-இல் வெளியான படங்களுக்காக 1954-இல் முதல் விருதுகள் கொடுக்கப்பட்டன. அப்போ அதுக்குப் பேர் 'மாநில விருதுகள்'. ஜனாதிபதி தங்கப் பதக்கம் இரண்டு. கதைப்படத்துக்கானது ஆச்சார்ய அத்ரே எடுத்த 'ஷ்யாம்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்குப் போச்சு. ஆவணப்படத்துக்கானது ஜகத் முராரி இயக்கத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த 'மகாபலிபுரம்'.

எங்க ஊர் மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனா அதே மாமல்லபுரம். இந்தக் கதை அங்கே தொடங்குவது எனக்குப் பிடிச்ச விஷயம். காரணத்தைப் பின்னாடி சொல்றேன்.

அடுத்த வருஷமே மொழிவாரியா வெள்ளிப் பதக்கம் வந்தது. தமிழுக்கான முதல் ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளன்' (1954) படத்துக்கு. நாமக்கல் கவிஞரின் நாவல், கலைஞரின் வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். அதே வருஷம் 'அந்த நாள்' படத்துக்கு நற்சான்றிதழ் கிடைச்சது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. 1943-இல் சென்னை மேல ஜப்பான் குண்டு போட்டதுக்கு மறுநாள் ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யார் என்பதுதான் கதை. தியேட்டரில் ஓடலை. ஆனா இன்னைக்கும் பார்க்கக் கிடைக்குது, பார்க்கிறவங்க அசந்து போறாங்க.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரிஞ்சதுதான். நடிகர்களுக்கான தேசிய விருது 1967-இன் படங்களிலிருந்து ஆரம்பம். 1971-க்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். 'பாரத்' விருது வாங்கினார். அகில இந்தியச் சிறந்த படம் என்ற இடத்துக்குத் தமிழ் வரத்தான் 38-ஆவது விருதுகள் வரை ஆச்சு. கே.எஸ். சேதுமாதவனின் 'மறுபக்கம்' (1990). அதுக்கப்புறம் 'காஞ்சிவரம்', 'சூரரைப் போற்று'. எழுபது வருஷத்தில் மூணு படம்.

ஃபிலிம் என்பதே உப்புதான்

சரி, மரக்காணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ரசாயனத்தில் இருக்கு.

ஃபிலிமில் வெளிச்சத்தை உணர்வது வெள்ளி ஹாலைடு. பள்ளிக்கூட வேதியியல்படி அது ஒரு உப்பு. 1830-களில் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் புகைப்படத்துக்கு வழி கண்டுபிடிச்சப்போ செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. காகிதத்தைச் சாப்பாட்டு உப்புக் கரைசலில் நனைத்தார், காய்ந்த பிறகு மேலே வெள்ளி நைட்ரேட் பூசினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. பின்னாடி வந்த ஃபிலிமில் முக்கியமாக இருந்தது வெள்ளி புரோமைடு. உப்பு வாரின பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணியிலிருந்துதான் உலகின் பல இடங்களில் புரோமின் எடுக்கிறாங்க.

உப்பளத்துக்காரங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். வெயிலில் விளைந்த உப்பை ஈரக்காத்திலிருந்து காப்பாத்தணும். மழைக்கு முன்னாடி அம்பாரத்தை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடலைன்னா உழைப்பு கரைஞ்சு போகும். ஃபிலிமுக்கும் அதே கதைதான். 1950-களுக்கு முன்னாடி வந்த நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும். புனேயில் 2003-இல் நடந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் நிறைய எரிஞ்சு போச்சு. அதுக்கு மாற்றாக வந்த அசிட்டேட் ஃபிலிம் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, ஆனா வெப்பமும் ஈரமும் சேர்ந்தா தானாகவே சிதையும். அப்போ அசிட்டிக் அமிலம் வெளியாகி டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடிக்கும். சுருள் சுருங்கி, வளைஞ்சு, ஒட்டிக்கும். பக்கத்துச் சுருளையும் அது கெடுக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் குளிரூட்டாத அறையில் ஃபிலிமை வெச்சா என்ன ஆகும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. அதில் படமாகத் தெரிவதே உலோக வெள்ளி. ஓடி முடிஞ்ச படத்தைக் காய்ச்சி வெள்ளி எடுக்கலாம். அப்படி விற்கப்பட்டுப் போன படங்கள் ஏராளம். நாட்டின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' (1931) இல்லை. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்' இல்லை.

'மார்த்தாண்ட வர்மா' (1933) மௌனப்படம் மட்டும் ஒரு விநோதமான காரணத்தால் பிழைச்சது. நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட்டார், படச்சுருள் அவர்கிட்டப் போய்ச் சேர்ந்தது. 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கியது. வழக்கு இல்லைன்னா படமும் இருந்திருக்காது!

விருது காப்பாற்றியதா?

இதெல்லாம் பழைய காலம், விருது வாங்கின படத்துக்கெல்லாம் இப்படி ஆகாதுன்னு தோணலாம். 'வீடு' என்ன ஆச்சுன்னு பாருங்க.

35-ஆவது தேசிய விருதுகளில் (1987) சிறந்த தமிழ்ப் படம் பாலு மகேந்திராவின் 'வீடு'. சிறந்த நடிகை அதில் நடித்த அர்ச்சனா. அதே வருஷம் 'நாயகன்' படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகர். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் 'வீடு'. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிய வீடு கடைசியில் அவள் கைக்கு வராமல் நிற்கும்.

படத்துக்கும் அதே கதிதான். தன் கடைசி ஆண்டுகளில் பாலு மகேந்திரா திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், 'வீடு' படத்தின் நெகட்டிவ் இல்லை. கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த 'சந்தியா ராகம்' நெகட்டிவும் இல்லை. அதுவும் தேசிய விருது பெற்ற படம். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேணும்னு கேட்டுக்கிட்டே 2014 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். இன்னைக்கு 'வீடு' படத்தை மங்கலான பிரதியில் பார்க்கிறோம். அவரே ஒளிப்பதிவு செய்த படம், அந்த ஒளி அதில் இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. விருது பெற்ற படத்தின் ஒரு பிரதியைத் தயாரிப்பாளர் தேசியக் காப்பகத்துக்குக் கொடுக்கணும் என்பது விதி. நல்ல விதி. ஆனா பிரதி வேற, நெகட்டிவ் வேற. நெகட்டிவ்தான் தாய். அது சென்னை லேப்களில் கிடக்கும். படம் நஷ்டமானாலோ கம்பெனி மூடினாலோ அதைத் தேடி யாரும் வர மாட்டாங்க. டிஜிட்டல் வந்ததும் லேப்களும் ஒவ்வொண்ணா மூடப்பட்டன.

என் தொழில் பாஷையில் சொன்னா, விருதுப் பட்டியல் ஒரு இண்டெக்ஸ். படத்தின் பெயர், வருஷம், பரிசு எல்லாம் அதில் சரியா இருக்கு. ஆனா அது சுட்டிக்காட்டும் இடத்துக்குப் போனா ஃபைல் இல்லை. பேக்கப் எடுத்தீங்களான்னு கேட்டா, அவார்டு கொடுத்தோமேன்னு பதில் வருது.

அதே நேரம் அந்த விதியால் நன்மையே இல்லைன்னும் சொல்ல முடியாது. அரவிந்தனின் 'தம்பு' மலையாளப் படம் 1978-க்கான சிறந்த இயக்குநர் விருது பெற்றது. அதன் அசல் நெகட்டிவும் இல்லை. ஆனா புனே காப்பகத்தில் ஒரு பிரதி இருந்தது. அதிலிருந்து ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்து, 2022-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டாங்க. ஒரு பிரதி, ஒரு குளிர் அறை, ஒரு ஆள். இந்த மூணும் இருந்தாப் போதும், படம் திரும்பி வரும். அந்தக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயரைப் பற்றிய 'செல்லுலாய்ட் மேன்' ஆவணப்படத்துக்கும் பின்னாடி தேசிய விருது கிடைச்சது.

கல்லும் சுருளும்

முதல் தங்கப் பதக்கம் மாமல்லபுரம் பற்றிய படத்துக்குப் போனது எனக்குப் பிடிக்கும்னு சொன்னேன் இல்லையா? அந்தக் கடற்கரைக் கோயில் 1,300 வருஷமா உப்புக் காத்தில் நிற்குது. எங்க மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளை இப்பவும் தடவிப் படிக்கலாம். யார் என்ன கொடுத்தாங்க, எதுக்குக் கொடுத்தாங்க, எல்லாம் இருக்கு. கொடையோட சேர்த்து அதைக் காப்பாத்தும் பொறுப்பையும் எழுதி வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

தேசிய விருதில் முதல் பாதி இருக்கு, இரண்டாவது பாதி பலவீனமா இருக்கு. இந்த விருதுப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தப் படங்களை முதலில் காப்பாத்தணும்னு அரசே எழுபது வருஷமா தயாரிச்சு வெச்சிருக்கும் வரிசை அது. தமிழ்ப் படங்களை மட்டும் எடுத்தா, வருஷத்துக்கு ஒண்ணு இரண்டுன்னு வெச்சாலும் நூத்துச் சொச்சம்தான் வரும். ஒவ்வொண்ணுக்கும் நெகட்டிவ் இருக்கா, பிரதி இருக்கா, எங்கே, எந்த நிலையில்னு நாலு பத்தி போட்டு ஒரு பட்டியல் தயாரிக்கலாம். அதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம்.

அடுத்த விருது அறிவிப்பு வரும்போது யாருக்குக் கிடைச்சதுன்னு தாராளமா சண்டை போடலாம். கூடவே, போன முறை விருது வாங்கின படத்தின் மாஸ்டர் ஹார்ட் டிஸ்க் யார் கிட்ட இருக்குன்னும் கேட்போம். ஃபிலிம் சுருளாவது அம்பது வருஷம் தாங்குச்சு. ஹார்ட் டிஸ்க் அவ்வளவு நாள் தாங்காது.