'ஆர்த்தோ' மெத்தை வாங்கினால் முதுகுவலி போய்விடுமா? மெத்தை, சோஃபா கம் பெட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புது ஊரில் வேலை கிடைச்சாச்சு. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. அடுத்து வாங்கியே ஆக வேண்டிய பொருள் பெரும்பாலும் மெத்தைதான். ஆன்லைனில் தேடினால் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் மெத்தைகள் வரிசை கட்டி நிற்கின்றன. 'ஆர்த்தோ', 'டூயல் கம்ஃபர்ட்', '7 ஜோன் சப்போர்ட்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வருஷம் முழுக்க 'இன்றே கடைசி நாள்' தள்ளுபடி வேறு. எதை நம்புவது?

மெத்தையின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: உள்ளே என்ன பொருள் இருக்கிறது, அதன் அடர்த்தி எவ்வளவு, வாரன்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஆர்த்தோ' என்றால் கெட்டியாகத்தான் இருக்க வேண்டுமா?

'முதுகுவலியா? தரையில் படு, இல்லைன்னா கெட்டி மெத்தை வாங்கு' என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் அறிவுரை. 'ஆர்த்தோ' என்ற பெயர் விற்பனையாவதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் அது நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் விற்பனைப் பெயர். ஒரு பிராண்டின் ஆர்த்தோ மெத்தை பலகை மாதிரி இருக்கும். இன்னொன்றின் ஆர்த்தோ மெத்தை அழுத்தினால் உள்ளே போகும்.

கெட்டி மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கையை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டியான மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்குச் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2003-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

காரணம் எளிது. மல்லாந்து படுக்கும்போது முதுகெலும்பில் இயல்பாக ஒரு வளைவு இருக்கும். ரொம்பக் கெட்டியான மெத்தையில் தோளும் இடுப்பும் மட்டும் அழுந்த, கீழ்முதுகு தாங்கலே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ரொம்ப மெதுவான மெத்தையில் இடுப்பு தொட்டில் மாதிரி உள்ளே இறங்கிவிடும். இரண்டுமே தொல்லைதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். வலி பல வாரங்களாக விடவில்லை, கால் வரை இறங்குகிறது, மரத்துப் போகிறது என்றால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை, மெத்தைக் கடை அல்ல.

உங்கள் உடம்புக்கு எது சரி?

நீங்கள் எப்படிப் படுத்துத் தூங்குபவர் என்பதுதான் முதல் கேள்வி.

* ஒருக்களித்துப் படுப்பவர்: தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க இடம் வேண்டும். நடுத்தரமும் அதற்குச் சற்றுக் குறைவான கெட்டியும் பொருந்தும். தலையணை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும்.
* மல்லாந்து படுப்பவர்: நடுத்தரக் கெட்டி.
* குப்புறப் படுப்பவர்: வயிறும் இடுப்பும் இறங்காமல் இருக்க, சற்றுக் கூடுதல் கெட்டி.

உடல் எடையும் கணக்கில் வரும். 55 கிலோ உள்ளவருக்குக் 'கெட்டி' என்று தோன்றும் மெத்தை 90 கிலோ உள்ளவருக்கு 'மெத்து'ன்னு இருக்கும். அதனால் ஆன்லைன் ரிவியூவில் 'சூப்பர் சாஃப்ட்' என்று ஒருவர் எழுதியிருந்தால், எழுதியவரின் எடை தெரியாமல் அந்த வரிக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

கடைக்குப் போனால் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் 10 முதல் 15 நிமிடம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம். மல்லாந்து படுத்துக் கீழ்முதுகுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்கு அதிகக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்திருந்தால் அதிக மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி.

உள்ளே என்ன இருக்கிறது?

* தென்னை நார்: நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து, தகடு போல அழுத்திச் செய்வது. கெட்டியானது, காற்றோட்டம் நல்லது, விலையும் கைக்குள் வரும். சில வருடங்களில் படுக்கும் இடம் பள்ளமாகலாம்.
* பியூ ஃபோம்: மலிவு மெத்தைகளில் அதிகம் இருப்பது இதுதான். எடை குறைவு, தூக்க எளிது. தரம் முழுக்க முழுக்க அடர்த்தியைப் பொறுத்தது.
* மெமரி ஃபோம்: 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மேம்படுத்தும் முயற்சியில் உருவான பொருள். உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு இறங்கிக்கொடுக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் அதிர்வு குறைவாகவே தெரியும். ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத சென்னை, மும்பை அறையில் இது பெரிய விஷயம். 'கூலிங் ஜெல்' இருந்தாலும் ராத்திரி முழுக்கக் குளுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.
* லேட்டக்ஸ்: ரப்பர் பாலிலிருந்து செய்வது. அழுத்தினால் உடனே மேலே எழும்பும், காற்றோட்டம் உண்டு, நீடித்து உழைக்கும். விலையும் எடையும் அதிகம். 'நேச்சுரல்' என்று எழுதியிருந்தால் எத்தனை சதவீதம் இயற்கை, எத்தனை சதவீதம் செயற்கை என்று கேளுங்கள். ரப்பர் அலர்ஜி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.
* ஸ்பிரிங்: இரண்டு வகை. 'பானல்' வகையில் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். ஒருவர் திரும்பினால் மற்றவருக்கு ஆட்டம் தெரியும். 'பாக்கெட்' வகையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருப்பதால் ஆட்டம் குறைவு. தம்பதிகளுக்குப் பின்னதே வசதி.
* இலவம் பஞ்சு: தேனி மாவட்டம் போடிப் பக்கம் பெயர் பெற்ற சரக்கு. காற்றோட்டத்தில் இதை மிஞ்ச முடியாது. கட்டி தட்டினால் பஞ்சை எடுத்து அடித்து மறுபடியும் தைத்துக்கொள்ளலாம். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அடித்துத் தர ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கணக்கு

ஃபோம் மெத்தை எத்தனை வருடம் உழைக்கும் என்பதை ஓரளவு சொல்லும் எண், அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது. கடைக்காரர் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வது இதைத்தான். இந்த எண் கூடினால் மெத்தை கெட்டியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அடர்த்தி கூடியும் மெதுவாக இருக்கும் ஃபோம் உண்டு. அது காட்டுவது, சீக்கிரம் பள்ளம் விழுமா விழாதா என்பதை.

சொன்ன அடர்த்தி உண்மைதானா என்று எடையை வைத்துச் சரிபார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 78 × 60 × 6 அங்குலக் குயின் சைஸ் மெத்தைக்கு அது சுமார் 0.46. முழுக்க 32 அடர்த்தி ஃபோம் என்றால் எடை ஏறக்குறைய 14.7 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 18.4 கிலோ. '40 டென்சிட்டி' என்று வாங்கிய மெத்தை 11 கிலோதான் இருக்கிறதா? அப்போ கேள்வி கேட்க வேண்டியதுதான். பல அடுக்கு மெத்தைகளில் இந்தக் கணக்கு சராசரியை மட்டுமே தரும். அதனால் எந்த அடுக்கு எத்தனை அங்குலம் என்றும் கேளுங்கள். மேலே 1 அங்குலம் மட்டும் மெமரி ஃபோம் வைத்து, மொத்தத்தையும் 'மெமரி ஃபோம் மெத்தை' என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது.

எந்த சைஸ்? லிஃப்டில் ஏறுமா?

உங்கள் உயரத்தைவிட மெத்தை 6 அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். 5 அடி 10 அங்குலம் உள்ளவருக்கு 72 அங்குல மெத்தை போதாது, 78 தேவை.

அகலத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 60 அங்குலக் குயின் சைஸில் இருவர் படுத்தால் ஆளுக்கு 30 அங்குலம். சிங்கிள் மெத்தையே 36 அங்குலம்! இருவரும் தாராளமாகத் தூங்க 72 அங்குலக் கிங் சைஸ் வேண்டும். ஆனால் அது உங்கள் அறையில், முக்கியமாக லிஃப்டிலும் மாடிப்படித் திருப்பத்திலும் நுழையுமா? ஆன்லைனில் சுருட்டி வரும் மெத்தை பிரித்தபின் பழையபடி சுருளாது. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறும் நாளில்தான் இந்தச் சிக்கல் தெரியும். அடிக்கடி மாறுபவர்கள் ஒரே சைஸில் இரண்டு சிங்கிள் மெத்தைகளைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் கோடு தெரியும்; தூக்கிப் போவது சுலபம்.

கட்டிலுக்கும் இதே யோசனைதான். பார்ட்டிகிள் போர்டு கட்டிலை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் திருகு பிடிப்பு தளர்ந்துவிடும். தண்ணீர் பட்டால் உப்பும். இரும்புக் கட்டிலோ மரக் கட்டிலோ வீடு மாறுவதைத் தாங்கும். பழைய கட்டில் வாங்கலாம், தப்பில்லை. பழைய மெத்தை வேண்டாம். மூட்டைப்பூச்சியும் கூடவே வந்துவிடும்.

சோஃபா கம் பெட் வாங்கலாமா?

சிங்கிள் பெட்ரூம் வீட்டில், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் படுக்க வைக்க நல்ல ஏற்பாடு. தினமும் நீங்களே படுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். கடையில் அதை விரித்துப் படுத்துப் பாருங்கள். மடிப்பு சரியாக இடுப்புக்குக் கீழே வருகிறதா? குறுக்குக் கம்பி முதுகில் தட்டுகிறதா? விரித்த பிறகு நடக்க 2 அடியாவது இடம் மிஞ்சுமா? வயதானவர்கள் எழுந்திருக்க ஏற்ற உயரமா? மூட்டு வலி உள்ளவருக்குத் தரையோடு ஒட்டிய படுக்கை தண்டனைதான்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை: குழந்தையைச் சோஃபாவில் தூங்க வைக்கக் கூடாது, பெரியவர் அணைத்தபடி அதில் தூங்குவதும் ஆபத்து. மூச்சுத் திணறும் அபாயம் உண்டு. ஒரு வயது வரை சமமான, கெட்டியான தனிப் படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

'100 நாள் ட்ரையல், 10 வருட வாரன்டி': சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது?

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

* ட்ரையலில் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமா, கூப்பனா? எடுத்துப் போக யார் செலவு?
* கடையிலோ வேறு தளத்திலோ வாங்கினாலும் ட்ரையல் உண்டா?
* எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் வாரன்டி? 1 அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் பெரிய வித்தியாசம்.
* கறை இருந்தால் வாரன்டி செல்லாதா? பெரும்பாலும் செல்லாது. அதனால் முதல் நாளே ப்ரொடெக்டர் போட்டுவிடுங்கள்.
* 8-வது வருடம் கோளாறு வந்தால் புது மெத்தையா, விலையில் ஒரு பங்கு மட்டுமா?

பில்லையும், வாங்கிய அன்றைய விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். நிறுவனம் சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான விளம்பரத்துக்கு எதிராகவும் புகார் கொடுக்க முடியும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

விலையை இரவுகளால் வகுத்துப் பாருங்கள். 15,000 ரூபாய் மெத்தை 8 வருடம் உழைத்தால் ஓர் இரவுக்குச் சுமார் 5 ரூபாய். 4,000 ரூபாய் மெத்தை 2 வருடத்தில் பள்ளம் விழுந்தால் இரவுக்கு ஐந்தரை ரூபாய். மலிவு என்று நினைத்தது மலிவு இல்லை. அதே நேரம், ஆறு மாதத்தில் ஊர் மாறப் போகிறவர் பெரிய மெத்தையில் பணத்தை முடக்க வேண்டாம். மடக்கும் ஃபோம் மெத்தை போதும். 60,000 ரூபாய் மெத்தை 15,000 ரூபாய் மெத்தையைவிட நான்கு மடங்கு தூக்கம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிய பிறகு

'மெத்தையை மாடியில் வெயிலில் போடு' என்று அம்மா சொல்வது பஞ்சு மெத்தைக்கு ரொம்பச் சரி. லேட்டக்ஸ், ஃபோம் மெத்தைகளுக்கு நேரடி வெயில் ஆகாது. ரப்பர் பொருமி உதிரும். ஃபோம் மஞ்சளாகித் தளரும். இவற்றை நிழலில், காற்றோட்டமாக நிமிர்த்தி வைத்தால் போதும். புது ஃபோமில் ரசாயன வாடை அடித்தால் ஓரிரு நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள்.

காலையில் எழும்போது பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நடமாடியதும் சரியாகிவிடும் வலியா? வெளியூர் போய் வேறு படுக்கையில் படுத்தால் அது இல்லையா? அப்போ மாற்ற வேண்டியது மெத்தையாக இருக்கலாம்.