கோய்த்திசோலோ சகோதரர்கள்

ஸ்பெயின் என்றதும் நம் நினைவுக்கு வருவன குர்துபாவும் கிரனாடாவுமே. கி.பி. 711இல் தாரிக் இப்னு ஜியாத் கடல் கடந்த வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆனால், 1492இல் கிரனாடா வீழ்ந்தபின் அந்நாட்டார் அக்காலத்தை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதை நாம் அத்துணை அறிந்தோமில்லை. அதனை அறிய, பார்சலோனா நகரத்து எழுத்தாளச் சகோதரர் மூவரின் வரலாறு உதவும்.

கவிஞர் ஹோசே அகுஸ்தீன் (1928-1999), நாவலாசிரியரும் பத்திரிகை எழுத்தாளருமான ஹுவான் (1931-2017), 1935இல் பிறந்த நாவலாசிரியர் லூயிஸ் ஆகியோரே அம்மூவர். கோய்த்திசோலோ என்பது குடும்பப் பெயர். இவர்களின் முன்னோர் கியூபாவில் சர்க்கரை ஆலை நடத்தி, அடிமைகளின் உழைப்பால் பெருஞ்செல்வம் திரட்டியவர். அவ்வடிமைகள் எழுதிய கடிதங்களை வீட்டுப் பழந்தாள்களிடையே கண்ட ஹுவான், தம் குலப்பெருமையை வெறுக்கலானார்.

1938 மார்ச் 17 அன்று தாயார் ஹூலியா பார்சலோனா சென்றிருந்தார். ஃபிராங்கோவுக்குத் துணைவந்த முசோலினியின் விமானங்கள் குண்டு பொழிந்தன. அன்னை வீடு திரும்பவில்லை. மூத்தவர் பின்னாளில் தம் மகளுக்கு அப்பெயரையே சூட்டினார். அம்மகளுக்கு அவர் எழுதிய கவிதை பாடலாகி நாடெங்கும் பரவியது. இளையவரோ 1960இல் ஃபிராங்கோ ஆட்சியில் சிறை புகுந்தார்.

1956இல் பாரிஸில் குடியேறிய ஹுவானின் நூல்கள் தாயகத்தில் தடை செய்யப்பட்டன. தாரிக்குக்கு வழிதிறந்த துரோகி என ஸ்பானியர் தூற்றும் ஜூலியன் பிரபுவின் பக்கம் நின்று அவர் எழுதிய நாவல், 1970இல் மெக்சிகோவில்தான் அச்சேறியது. படிப்பதற்கு எளிய நூலன்று, வசைமொழியும் மிகுதி. எனினும், முஸ்லிம்களையும் யூதர்களையும் துரத்தியதால் ஸ்பெயின் தன்னையே வறியதாக்கிக்கொண்டது என்னும் அவர் வாதத்தை எவரே புறந்தள்ள வல்லார்?

ஹுவான் இஸ்லாத்தைத் தழுவியவரல்லர். ஆயினும் 1993இல் முற்றுகைக்குள்ளான சரயேவோவுக்குச் சென்று, அங்குள்ள முஸ்லிம்களின் துயரை ‘எல் பாயிஸ்’ நாளிதழில் எழுதினார். இறுதிக்காலத்தில் மொராக்கோ மக்களின் பேச்சரபியைக் கற்று, மராக்கிஷ் நகரிலேயே வாழ்ந்தார். கதைசொல்லிகள் கூடும் ஜாமிஉல் ஃபனா சதுக்கத்தைக் காக்க வாதாடினார். 2001இல் யுனெஸ்கோ அதனை மானுடப் பண்பாட்டுச் செல்வமென அறிவித்தது.

ஸ்பானிய மொழியின் தலையாய செர்வாந்தெஸ் பரிசு 2014இல் அவரை நாடி வந்தது. 2017 ஜூனில் மறைந்த அவரது உடல், மொராக்கோவின் கடற்கரை ஊரான லராஷில் அடக்கம் செய்யப்பட்டது.