தாம்பரத்தில் கோலத்துக்கு எழுதிய இலக்கணம்

வாசலில் போடும் கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அது பெரும்பாலும் நம் தாம்பரத்தில் வளர்ந்தது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி. மனைவி ராணி சிரோமணி அங்கேயே கணிதப் பேராசிரியர். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கமலா கிருதிவாசனும் இவர்களும் சேர்ந்து 1974-இல் கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே 'கோலம்' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல குறிகளை வைத்துக்கொண்டே போவது சாம்ஸ்கி வழி வந்த 'இலக்கணம்'. அது ஒரே வரியில் ஓடும். தாம்பரத்தார் அதைக் குறுக்கும் நெடுக்குமான கட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். சின்னக் கோலம் பெரிதாக வளர்வதற்கு விதி எழுத முடிந்தது.

1968-இல் லிண்டன்மேயர் என்ற உயிரியல் அறிஞர், எல்லாக் குறிகளையும் ஒரே சமயத்தில் மாற்றும் முறையைச் செல்கள் பெருகும் விதத்தைச் சொல்ல உருவாக்கியிருந்தார். 1980-களில் கனடாவில் பிருசின்கியெவிச் அதைக் குழந்தைகளுக்கான லோகோ மொழியின் ஆமையோடு சேர்த்தார். குறிகளைப் படித்தபடி ஆமை நடக்கும், கோடு விழும். அவர் வரைந்தவற்றில் 'கண்ணன் கொலுசு' என்று பொருள்படும் பெயரில் நம் கோலமும் உண்டு.

அதன் விதி இவ்வளவுதான். (கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் கட்டம் போட்ட தாள் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.) மு என்றால் ஓரடி முன்னே போ. தி என்றால் வலப்பக்கம் 45 பாகை திரும்பு. வ என்பது வளரும் இடம், ஆமை அதைக் கண்டுகொள்ளாது. தொடக்கம்: தி வ தி தி வ. வ வரும் இடத்திலெல்லாம் 'வ மு வ தி தி வ மு வ' என்று போட வேண்டும். ஒருமுறை போட்டால் 4 அடி, சாய்ந்த சதுரம். இரண்டாம் முறை 20 அடி. நடுவில் ஒரு சதுரம், அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சுழி, கையெடுக்காத ஒரே கோடு. மூன்றாம் முறை 84. மூலைகளை வளைத்துவிட்டால் சிக்குக் கோலம்.

கிஃப்ட் சிரோமணி 1988-இல் காலமானார். புத்தகங்களில் அவர்கள் பெயர் இருக்கிறது. இந்தக் கோலங்களைக் கண்டுபிடித்த பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் எழுதியது அரிசி மாவில், அதுவும் மறுநாள் காலை பெருக்கித் தள்ளப்படும் இடத்தில்.

பேரன் கணினியில் வரைந்து காட்டிய அந்த 20 அடிக் கோலத்தை என் மனைவி பார்த்தாள். "புள்ளியே இல்லையே!" என்றாள். சரிதான். விதியில் புள்ளிக்கு இடமே கிடையாது. அச்செடுத்துக் கொடுத்தேன். பேனாவை எடுத்து ஐந்து கட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். 1, 3, 1. சின்ன வயதில் அவள் முதலில் கற்றுக்கொண்ட கோலமாம் அது.